அதே 185: செர்ரி இறால் தொட்டிக்கு ஆர்ஓ தண்ணீர் தயாரித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து வாரத்தில் 20 செர்ரி இறால்களில், அதாவது அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் சின்னஞ்சிறு நன்னீர் இறால்களில், 13 செத்துப்போயின. மிச்சமிருந்த ஏழும் பாசிக்குள் ஒடுங்கிக் கிடந்த அன்று தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைத் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். 185 காட்டியது. செர்ரி இறாலுக்கு 150 முதல் 250 வரை இருக்கலாம் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எண்ணைப் பார்த்தால் குறையே இல்லாத தண்ணீர்.

இன்றும் அதே தொட்டியில் அதே மீட்டர் 185தான் காட்டுகிறது. ஆனால் இறால்களை இப்போது எண்ணி முடிக்க முடிவதில்லை. இந்த இரண்டு 185க்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் குறிப்பு நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். சென்னையில் வீட்டு ஆர்ஓ தண்ணீரை நம்பி இறால் வளர்க்க இறங்குகிற யாருக்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது.

தொட்டியும் தண்ணீரும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மண்ணும் கட்டையும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், நிறைய ஜாவா பாசி, ஒரு மரக்கட்டை. இறால் விடுவதற்கு முன் ஐந்து வாரம் சும்மா ஓடவிட்டேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து நின்ற பிறகுதான் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய் இறால் வாங்கினேன்.

நாங்கள் இருப்பது மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்ககத்தில். சம்ப்பில் சில நாள் மெட்ரோ லாரித் தண்ணீர், பல நாள் போர் தண்ணீர், சில நாள் இரண்டும் கலந்தது. லாரி வந்த அன்று டிடிஎஸ் 430. போர் மட்டும் ஓடினால் 1,450. தொட்டியை முதலில் நிரப்பியது லாரித் தண்ணீரில். இரண்டு நாள் காற்றடித்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றினேன். அப்போது கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று சொல்லும் பொதுக் கடினத்தன்மை, அதாவது ஜிஹெச், 9. அந்தத் தண்ணீரில் முதல் பத்து நாள் இறால்கள் நன்றாகவே மேய்ந்தன. இது முக்கியம். கடையிலிருந்து நோயோடு வந்த இறால்கள் அல்ல அவை.

பிறகு ஞாயிறுதோறும் 10 லிட்டர் மாற்றத் தொடங்கினேன். போர் தண்ணீரை ஊற்ற மனம் வரவில்லை. சமையலறையில் ஆர்ஓ கருவி இருக்கிறது, குழாயைத் திறந்தால் டிடிஎஸ் 78. நாங்கள் குடிக்கிற தண்ணீர். இதைவிடச் சுத்தமாக எதை ஊற்றுவது என்று நினைத்தேன்.

இரண்டு விதமான சாவு

முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு 10 லிட்டர் மாற்றினேன். ஒன்பது மணிக்குள் இறால்கள் தொட்டி முழுக்க வெறிபிடித்தது போல நீந்தின. ஆண் இறால்கள் பெண்ணைத் தேடி அப்படிச் சுற்றுவது உண்டு என்று படித்திருந்ததால் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. மாலையில் ஒன்று கண்ணாடியோரம் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. கால்கள் மட்டும் விடாமல் உதறிக்கொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமைக்குள் மூன்று போய்விட்டன.

இரண்டாம் ஞாயிறு வெளியூர் போய்விட்டு வந்து இரவு ஒன்பதுக்கு மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் ஞாயிறு மீண்டும் காலையில், நான்கு செத்தன. நான்காவது இரவில், உடனே ஒன்றும் சாகவில்லை, ஆனால் புதன்கிழமை இரண்டு இறால்கள் வேறு விதமாகச் செத்துக் கிடந்தன. தலையின் ஓடும் வயிறும் சேருகிற இடத்தில், கழுத்தைச் சுற்றி நூல் கட்டியதுபோல ஒரு வெள்ளை வளையம். ஐந்தாம் ஞாயிறு காலை மாற்றியதில் இரண்டு, அடுத்த வாரத்துக்குள் வெள்ளை வளையத்தோடு இன்னும் இரண்டு.

கணக்குப் போட்டால், தண்ணீர் மாற்றிய 48 மணி நேரத்துக்குள் ஒன்பது சாவு, வளையத்தோடு நான்கு. இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்துத்தான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். அம்மோனியா பார்த்தேன், பூஜ்யம். நைட்ரேட் 10. வெயில் ஏறியதால் தண்ணீர் 29 டிகிரி போயிருந்தது, அதன் மேல் பழியைப் போட்டு மின்விசிறி வைத்தேன். கொளத்தூரில் இறால் கொடுத்த கடைக்காரர் ஃபோனில் கேட்ட ஒரே கேள்விதான் என்னைத் திருப்பிவிட்டது.

“அண்ணே, தண்ணி மாத்துனா சாவுதா, மாத்தாமலே சாவுதா?”

நோட்டை எடுத்துப் பார்த்தேன். காலை, இரவு, காலை, இரவு, காலை. உடனடிச் சாவு எல்லாமே காலையில் தண்ணீர் மாற்றிய நாட்களில்தான்.

குழாய்க்குப் பின்னால் இருந்தது

சர்வீஸுக்கு வந்த தம்பியைக் கருவியின் மூடியைக் கழற்றச் சொல்லி, தண்ணீர் போகும் வழியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டச் சொன்னேன். முதலில் செடிமென்ட் ஃபில்டர். அடுத்து கார்பன், குளோரின் மெம்பிரேனை, அதாவது உப்பைத் தடுக்கும் சவ்வை, அரித்துவிடும் என்பதால் அதை முன்னாலேயே பிடிக்க வேண்டும். பிறகு பம்ப், மெம்பிரேன். மெம்பிரேனைத் தாண்டியதும் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு. அதற்கப்புறம் 8 லிட்டர் தொட்டி. தொட்டியின் அடியில், குழாய்க்குப் போகும் வாயில், விரல் நீளத்துக்கு ஓர் உருளை.

“இது என்ன தம்பி?”

“காப்பர் கார்ட்ரிட்ஜ் சார். செம்புப் பானையில ஊத்தி வச்ச மாதிரி. புது மாடல்ல வருது சார், உடம்புக்கு நல்லது.”

எனக்கு நல்லதாக இருக்கலாம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 செம்புக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. மனிதக் குடல் அதைத் தாங்கும். இறாலுக்குக் குடிக்கிற தண்ணீர், மூச்சு விடுகிற தண்ணீர் என்று இரண்டு கிடையாது. நாள் முழுக்க அதன் செவுள் வழியே ஓடுவதும் அதே தண்ணீர்தான். இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கொண்ட ஹீமோசயனின் என்ற புரதம். அதனால் துளி செம்பு அதற்கு வேண்டும்தான், ஆனால் அது உணவோடு போவது. தண்ணீரில் அயனியாகக் கரைந்து நிற்கும் செம்பு செவுளைக் கெடுக்கிறது, உடம்பின் உப்புச் சமநிலையைக் குலைக்கிறது. தண்ணீர் மென்மையாக ஆக அந்த நஞ்சின் வீரியம் கூடும். கால்சியம் நிறைந்த தண்ணீரில் செவுளின் மேல் இடம் பிடிக்கச் செம்போடு கால்சியம் போட்டி போடும். மென்னீரில் அந்தக் காவல் இல்லை. நான் வாராவாரம் கடினத்தன்மையைக் குறைத்துக்கொண்டே செம்பை ஊற்றியிருக்கிறேன்.

செம்புக்கான சொட்டுச் சோதனைக் கிட் வாங்கி மூன்று கண்ணாடிக் குழாயில் பார்த்தேன். காலை ஆறு மணிக்குத் திறந்த முதல் தண்ணீர் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற நிறத்துக்கு வந்தது. வீட்டில் நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்துக் கருவியின் தொட்டி பலமுறை நிரம்பிய பிறகு, இரவில் பிடித்தது 0.25ஐக்கூட எட்டவில்லை, லேசான சாயல் மட்டும். மெம்பிரேனிலிருந்து நேரே பிடித்ததில் நிறமே இல்லை. இரவெல்லாம் உருளையோடு ஒட்டி நின்ற தண்ணீரை, வீட்டில் யாரும் எழும் முன் நான் பிடித்து இறாலுக்கு ஊற்றியிருக்கிறேன். 45 லிட்டரில் 10 லிட்டர் என்று கணக்குப் போட்டால் இறால் தொட்டியில் சுமார் 0.1. அதுவும் குடத்திலிருந்து ஒரே மூச்சில் கொட்டினேன். கொட்டிய மூலையில் மேய்ந்தவைதான் முதலில் விழுந்திருக்கும்.

78 என்பதற்குள் என்ன இருந்தது

வெள்ளை வளையத்தைச் செம்பு விளக்கவில்லை. அதற்குக் காரணம் அந்தச் சின்னத் திருகு.

மெம்பிரேனிலிருந்து வருகிற தண்ணீரின் டிடிஎஸ் 36. அது சப்பென்று இருக்கும் என்பதால், திருகைத் திறந்து கொஞ்சம் மூலத் தண்ணீரை மெம்பிரேனுக்குப் போகாமல் பக்கவழியாகக் கலக்கிறார்கள். 1,450 உள்ள போர் தண்ணீரை வெறும் 3 சதவீதம் கலந்தால் 36 என்பது 78 ஆகிவிடும். கடலோரச் சென்னையின் போர் தண்ணீரில் சாதாரண உப்புதான் தூக்கல். அதில் 3 சதவீதம் என்றால் கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஜிஹெச் கிட்டில் ஒரு சொட்டு விட்டதுமே ஆரஞ்சு பச்சையாகிவிட்டது. ஒரு சொட்டு என்றால் ஜிஹெச் 1, அல்லது அதற்கும் கீழே.

டிடிஎஸ் மீட்டர் உண்மையில் கரைந்த பொருளை எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு காரணியால் பெருக்கி எண்ணாகக் காட்டுகிறது. சோடியமா, கால்சியமா, செம்பா என்று அதற்குத் தெரியாது. ஐந்து வாரத்தில் என் தொட்டி 430இலிருந்து 185க்கு இறங்கியபோது மீட்டரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அதே காலத்தில் ஜிஹெச் 9இலிருந்து 3க்கு விழுந்திருந்தது. அதை நான் அளக்கவே இல்லை.

இறால் வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்ற வேண்டும். உடம்பில் தண்ணீரை ஏற்றி உப்பி, கழுத்துப் பக்கம் ஓடு பிளந்ததும் ஒரே துள்ளலில் பின்பக்கமாக வெளியே வரும். கண்ணிமைத்தால் பார்க்கத் தவறிவிடுவோம். புது ஓட்டை இறுக்குவதற்கான கால்சியத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கடினத்தன்மை குறைந்து, அதோடு வாராவாரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேறு தன்மையுள்ள தண்ணீர் ஒரேயடியாக வந்தால், ஓடு தயாராகும் முன்பே கழற்றும் வேலை தொடங்கிவிடுகிறது. ஓடு கழுத்தில் வளையமாகப் பிளந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது. அந்த வெள்ளைக் கோடு பிளந்த ஓட்டின் இடைவெளி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இறால் அந்த வளையத்தோடு அரை மணி நேரம் வாலை மடக்கி மடக்கி உந்தியது. எப்படி உதவுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான்கில் எத்தனை கடினத்தன்மைக் குறைவால், எத்தனை திடீர் மாற்றத்தால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே தொட்டி, இரண்டும் ஒன்றாக நடந்தன. செம்பின் கணக்கு மட்டும் காலை இரவு வித்தியாசத்தால் தெளிவாகவே பிரிந்து நிற்கிறது என்பது என் முடிவு.

தண்ணீரை எடுப்பது

சர்வீஸ் தம்பியிடம் மெம்பிரேன் தண்ணீரை அப்படியே தனியாக எடுக்க வழி கேட்டேன். “டேஸ்ட்டே இருக்காது சார்” என்றார். இறாலுக்கு என்றதும் ஆர்வமாகிவிட்டார். மெம்பிரேன் வெளியேறும் இடத்தில், கன்ட்ரோலரும் தொட்டியும் வருவதற்கு முன்பே, கால் அங்குலக் குழாய்க்கான ஒரு டி இணைப்பும் ஒரு பிளாஸ்டிக் வால்வும் போட்டுக்கொடுத்தார். பித்தளை வால்வு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பித்தளையில் பெரும்பங்கு செம்புதான்.

கருவி சும்மா கிடக்கும்போது மெம்பிரேனின் அழுக்குப் பக்கத்திலிருந்து உப்பு மெல்ல நல்ல பக்கத்துக்கு ஊறும். அதனால் பம்ப் ஓடத் தொடங்கியதும் வரும் முதல் தண்ணீர் அந்தக் கருவியின் நல்ல தண்ணீர் அல்ல. நான் பார்த்தவரை முதல் டம்ளர் 96, மூன்று நிமிடம் கழித்து 36. அந்த முதல் மூன்று நிமிடத் தண்ணீரைத் துணி ஊறவைக்கும் வாளிக்குத் திருப்பிவிடுகிறேன்.

நாளுக்கு 80 கேலன் வடிக்கும் மெம்பிரேன் என்றால் ஏட்டளவில் மணிக்கு 12 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் தரும். என் வீட்டில் 20 லிட்டர் சேர இரண்டு மணி நேரம் ஆகிறது. கருவியின் தொட்டி நிரம்பினால் மிதவை சுவிட்ச் பம்ப்பை நிறுத்தும். ஆனால் இங்கே தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் என் டிரம்முக்கு வருவதால் சுவிட்சுக்குத் தகவலே போகாது. அலாரம் வைக்காமல் அசந்தால் சமையலறை முழுக்க நனைந்துவிடும். கழிவாகப் போகும் தண்ணீர் எடுத்ததைப் போல மூன்று மடங்கு. அதையும் வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்கிறோம். அவ்வளவு உப்பைச் செடிகளுக்கு ஊற்ற மாட்டேன்.

அப்போதே பிஹெச் பார்த்துப் பதற வேண்டாம். கரைந்த கார்பன் டை ஆக்சைடு மெம்பிரேனைத் தாண்டி வந்துவிடும், தாங்கிப் பிடிக்கக் கார்பனேட்டும் கிடையாது. எண் 6க்குக் கீழேகூடக் காட்டும். அதற்கு அர்த்தமில்லை.

தாது சேர்ப்பது

வெறும் ஆர்ஓ தண்ணீரில் இறால் பிழைக்காது. இறாலுக்கென்றே விற்கிற தாதுப்பொடி உண்டு. முதல் தொட்டி வைப்பவர் அதையே வாங்குவது நல்லது, தவறு நேர வாய்ப்பு குறைவு. நான் சொந்தக் கலவைக்கு மாறிவிட்டேன், காரணம் எதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். இந்த நிகழ்வுக்குப் பிறகு அது என் குணமாகவே ஆகிவிட்டது.

20 லிட்டருக்கு உணவுத் தர ஜிப்சம் 2.5 கிராம், எப்சம் சால்ட் 1.75 கிராம், ஆப்ப சோடா 1.2 கிராம். ஜிப்சத்தின் கால்சியத்தால் ஜிஹெச் 4, எப்சம் சால்ட்டின் மக்னீசியத்தால் 2, ஆகக் கூட்டி 6. ஆப்ப சோடாவால் கார்பனேட் கடினத்தன்மை, அதாவது கேஹெச், 2. ஒரு ஜிஹெச் என்பது லிட்டருக்கு 17.85 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்பதிலிருந்து இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். கட்டட வேலைக்கு வரும் ஜிப்சம் கூடாது. பேக்கிங் பவுடரும் ஆப்ப சோடாவும் ஒன்றல்ல. தேக்கரண்டியால் அளக்காதீர்கள், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும்.

ஜிப்சம் சோம்பேறி. டிரம்மில் போட்டதும் மாவு போல மிதக்கும், பிறகு அடியில் படியும். கையால் கிண்டிக் கரைத்துவிடலாம் என்று முதல் தடவை கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். அது தேவையே இல்லை. காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு இரவு முழுக்க விட்டால் தானே கரைந்து தண்ணீர் கண்ணாடியாகிவிடும். எப்சம் சால்ட் உடனே கரையும். ஆப்ப சோடாவைக் கடைசியில், ஜிப்சம் கரைந்த பிறகே தனியாகக் கரைத்து ஊற்றுகிறேன். எல்லாவற்றையும் ஒரு டம்ளரில் கெட்டியாகக் கலக்கினால் கால்சியம் கார்பனேட்டாக வெள்ளையாய்ப் படிந்து வீணாகும்.

மறுநாள் அளக்கிறேன். டிடிஎஸ் 185க்கும் 190க்கும் நடுவே, ஜிஹெச் ஆறு சொட்டு, கேஹெச் இரண்டு சொட்டு, பிஹெச் 7ஐ ஒட்டி. இந்த அளவு செர்ரிக்கு, அதாவது நியோகாரிடினா இனத்துக்கு. கிரிஸ்டல் ரெட் போன்ற காரிடினா வகைக்கு ஆப்ப சோடாவே போடக்கூடாது. அவை கார்பனேட் இல்லாத புளிப்பான தண்ணீரையும், சென்னை வெயிலில் கிடைக்காத குளிர்ச்சியையும் கேட்பவை.

தொட்டிக்குள் விடுவது

குடத்தால் கொட்டுவதை அன்றோடு விட்டேன். ஏர் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கி, விநாடிக்கு இரண்டு சொட்டு விழும்படி வைக்கிறேன். இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் காலை எட்டுக்குள் நான்கு லிட்டர் போயிருக்கும். வாரம் ஒருமுறை அவ்வளவுதான். ஏழு இறால்கள் மிச்சமிருந்த அந்த முதல் மூன்று வாரம் மட்டும் ஒன்றுவிட்டு ஒருநாள் இப்படிச் சொட்டவிட்டேன், ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பனும் வைத்தேன். செம்பு மண்ணிலும் கட்டையிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மேல்மண்ணையும் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தேன்.

இன்னொன்றையும் அப்போதுதான் கற்றேன். மின்விசிறி ஓடும் தொட்டியில் எனக்கு நாளுக்கு முக்கால் லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும். தாது தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அளவைத் தாது கலந்த தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு நாளும் டிடிஎஸ் மூன்று ஏறும், ஒரு மாதத்தில் 90. அதனால் தினசரி நிரப்புவது வெறும் ஆர்ஓ, வாரம் மாற்றுவது மட்டும் தாது கலந்தது. டிரம் இரண்டு, மூடியில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு

அந்த ஏழில் ஒன்றுகூட அதற்குப் பிறகு சாகவில்லை. ஐந்தாம் வாரத்தில் ஒரு பெண் இறாலின் கழுத்துக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் சேணம் போல முட்டைத் திட்டு தெரிந்தது. சில நாளில் முட்டைகள் வயிற்றுக்கு அடியில் இறங்கின. நீச்சல் கால்களால் அவற்றை விசிறிக்கொண்டே இருந்தாள். நான்கு வாரம் கழித்து, காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது பாசியின் நுனியில் அரிசிக் குருணையைவிடச் சிறிதாய் ஒன்று நடந்தது. உடம்பு கண்ணாடி, கண் மட்டும் கறுப்பு. அன்று பதினொன்றுவரை எண்ணினேன்.

சமையலறைக் கருவியில் செம்பு உருளை இன்னும் இருக்கிறது, நாங்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். நோட்டில் இப்போது டிடிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஜிஹெச், கேஹெச், நேரம் என்று மூன்று கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன. இன்று காலைப் பதிவு: 185, 6, 2. மரக்கட்டையின் ஓரத்தில் ஓர் ஓடு, தலையிலிருந்து வால் விசிறி வரை எங்கும் கிழியாமல், மீசை நூல்கூட முழுதாக. அதை எடுக்காமல் விட்டுவிட்டேன். மாலைக்குள் மற்றவை தின்றுவிடும்.